வாத்தியாரய்யாவால் முடியாதவை

வீட்டுப் பராமரிப்பு எத்தனை நாள் தேவை என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஆள் வருகிறார் என்றால் தோகுஜிரோவுக்கு டை கட்டியாக வேண்டும். வயது எண்பத்து நான்கு. துணைத் தலைமையாசிரியர் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று இருபத்து நான்கு வருடமாகிறது. பதவி மட்டும் இன்னும் அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. டையைக் கட்டிவிட்டது வீட்டுப் பராமரிப்புக்கு வரும் மிச்சியோ. அதை வெளியே சொல்லக் கூடாதென்று அவளுக்கு உத்தரவு.

"வாத்தியாரய்யா, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாள் வீறாப்பு வேணாம். போன தடவ அந்தம்மா வந்தப்ப ஒத்தக் கால்ல நின்னு காட்டுனீங்க. நான் வாரத்துல மூணு நாள் வந்தது ரெண்டாச்சு. இப்பவும் நல்லாருக்கேன்னு சொன்னா வியாழக்கிழமையும் போயிரும்."

வியாழன் போனால், குளிப்பாட்டி உடுத்தி முதியோர் மன்றத்து வண்டியில் ஏற்றிவிட ஆளில்லை. மன்றத்தில்தான், முன்னோர் நினைவாகக் கோடையில் ஊரே கூடி ஆடும் 'போன்' விழா ஆட்டத்துக்குப் பாட்டுப் பயிற்சி. முப்பத்தொரு கோடையாக மேடையேறிப் பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுப்பவர் அவர். தான் எடுக்காமல் ஊர் ஆடாது என்பது அவர் கணிப்பு. ஊரும் மரியாதைக்கு மறுத்ததில்லை.

நகராட்சி அதிகாரி நோஸேம்மா வந்து உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு என்ன தேதிங்கய்யா?"

தேதி வந்தது. கேட்காத கிழமையும் பேரரசரின் ஆட்சியாண்டும் கூடவே வந்தன.

"எந்திரிச்சு நடக்க?"

"தாராளமா."

மிச்சியோ இருந்த சமையலறையில் ஒரு மூடி டமாரென்று விழுந்தது.

"குளிக்க?"

"நான் என்ன பச்சப் புள்ளையா?"

இன்னொரு மூடி விழுந்தது.

"சாக்ஸ் நீங்களே போட்டுக்குவீங்களா? கழட்டிட்டுப் போட்டுக் காட்டுங்களேன்."

வலது காலிலிருந்து உருவிவிட்டார். போடக் குனிந்தால் கால் பக்கத்து ஊரில் இருந்தது. மூன்றாம் முறை கட்டைவிரலில் மாட்டிய சாக்ஸ் நழுவி விழுந்தது. நோஸேம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். விடை தெரியாத பையனைச் சங்கடப்படுத்தாமல் தோகுஜிரோவே வகுப்பில் எத்தனையோ தரம் பார்த்த பார்வை அது.

தோகுஜிரோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எழுதிக்குங்கம்மா. சாக்ஸ் முடியாது. குளிக்க முடியாது. சட்டைப் பொத்தான் மேல ரெண்டும் முடியாது. இந்த டை, மிச்சியோ கட்டினது."

ஆண்டு விழாவில் பரிசுப் பட்டியல் வாசிக்கும் குரலில், ஒன்று விடாமல் வாசித்தார். சமையலறையில் மூடி எதுவும் விழவில்லை.

"ஆனா பாட முடியும். அதுக்குக் கட்டம் இருக்கா?"

நோஸேம்மா படிவத்தைப் புரட்டினார். "இல்லீங்கய்யா. ஓரத்துல கொஞ்சம் எடமிருக்கு."

"அப்ப கேட்டுட்டு எழுதுங்க."

கண்ணை மூடி முதலடியை எடுத்தார். வெறும் வலது கால் பாயில் தாளம் தட்டியது. நோஸேம்மாவின் பேனா ஓரத்துக்கு மேலே அப்படியே நின்றது. அந்தம்மாவின் பாதம் மட்டும் தானாக அசைய ஆரம்பித்திருந்தது.