கீழே நிற்கிறவளுக்கும் சேர்த்து

மணிமொழிக்கு ஐம்பது வயசுக்குப் பக்கம். செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவள். செவ்வாய்க்கிழமை லீவு. அன்று மத்தியானம் அவளுக்கென்று ஒரு ரகசியம் இருந்தது. தப்பாக நினைத்துவிட வேண்டாம், சியர்லீடிங் படம் பார்ப்பாள்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் டிவியில் என்னவோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனதில் அகப்பட்டது அது. அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பளபளவென்று உடுத்திக்கொண்டு கூட்டமாய்க் குதிக்கிறார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி ஏறி, உச்சியில் நிற்கிறவளை ஆகாயத்தில் வீசிப் பிடிக்கிறார்கள். அதற்கு ஒரு போட்டி, ஒரு கோப்பை. பேச்சு மட்டும் தமிழில். "இதுங்களுக்கு வேற வேலயே இல்லியா" என்று ஆரம்பித்தவள், கோப்பை கிடைத்தபோது தனியாக உட்கார்ந்து கை தட்டினாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். எல்லாப் படத்திலும் கதை ஒன்றுதான். புதுசாய் ஒருத்தி வருவாள், பழைய தலைவி முறைப்பாள், கடைசியில் ரெண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள். தெரிந்த கதை என்பதாலேயே அவளுக்குப் பிடித்திருந்தது. வாரமெல்லாம் நின்று கடுத்த கால் அப்போது கடுப்பை மறந்துவிடும்.

புருஷன் தனசேகரனுக்கு மட்டும் தெரியக்கூடாது. அனந்தபுரம் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. போன தீபாவளிக்கு அவள் ஆசை ஆசையாய் ஒரு மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, "இன்னா, காலேஜுக்குக் கெளம்பிட்டியா?" என்று சிரித்தான். பீரோவுக்குள் போன சுடிதார் திரும்பி வெளியே வரவில்லை. இதற்கும் ஒருதரம் சிரித்துவிட்டான் என்றால் அப்புறம் டிவி முன்னால் உட்காரத் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை படத்தில் இறுதிப் போட்டி வந்துவிட்டது. எப்போதும் இந்த இடத்தில்தான் ஒருத்தி விழுந்து காலை உடைத்துக்கொள்வாள். ஏன் உடையாது? அத்தனை ஜனம் வாயைப் பிளந்து பார்க்கிறதே, யாராவது திருஷ்டி கழித்துவிடுகிறார்களா? மணிமொழி படத்தை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு பிடி கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் அள்ளி வந்தாள்.

டிவிக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். பாதி வழியில் பஸ் பிரேக்டவுனாகி, தனசேகரன் சீக்கிரமே வந்துவிட்டான்.

"டிவிக்கு இன்னாடி ஆச்சி?"

கை அப்படியே நின்றது. சட்டென்று ஒரு பொய்கூட வரவில்லை. "டிவிக்கு இல்ல. அந்தப் பொண்ணுங்களுக்கு. இப்ப பைனல்ஸ்."

சிரிக்கப் போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவனோ திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான். பெண்கள் கோபுரமாய் ஏறி நின்ற இடத்தில் படம் நின்றிருந்தது. இளவட்ட வயசில் ஊர்ப் பையன்கள் வழுக்கு மரம் ஏறும்போது, எல்லாரையும் தோளில் தாங்கி அடியில் நின்றவன் தனசேகரன். மாலை விழுந்தது உச்சிக்குப் போனவன் கழுத்தில். 

"யாருக்கு சுத்தற? மேல நிக்கறாளே, அவளுக்கா?"

"ஆமா. அவதான உழுவா."

அடியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பெண்ணை அவன் தொட்டுக் காட்டினான். "அத்தினி வெயிட்டும் இவ தோள்லதான் இருக்குது. இவ அசஞ்சா எல்லாம் காலி. கீழ நிக்கறவளுக்கும் சேத்து சுத்து."

மணிமொழி திரும்பவும் சுற்றினாள், இந்தத் தடவை கையை நன்றாகத் தாழ்த்தி. முடித்ததும் யாருக்குச் சுற்றினோமோ அவர் உப்பில் மூன்று தரம் துப்ப வேண்டும். படத்துக்குள் இருக்கிறவளை எப்படித் துப்பச் சொல்வது?

"காட்டு இங்க," என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, அத்தனை பெண்களுக்கும் பதிலாய்த் தனசேகரனே தூ, தூ, தூ என்று துப்பினான்.

அடுப்பில் போட்ட மிளகாய் துளிகூட நெடி அடிக்கவில்லை. "பாத்தியா, எம்மாங் கண்ணு பட்டிருக்குது!" என்றாள். அவன் அதற்குள் உட்கார்ந்து ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டூட்டி மாற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோது, மணிமொழி மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். தனசேகரன் வாயைத் திறந்தான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பைனல்ஸ் வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டான்.