துக்கப் பலகையின் வெள்ளைப் பாதி

சர் எவரார்ட் ஹாஸ்கெட் ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் ஒரு காரியம் செய்வார். முன்வரிசையில் தம் குடும்பத்துக்குரிய இருக்கையில் அமர்ந்ததும், ஜெபப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், தலையை மெல்ல உயர்த்தி வடக்குச் சுவரின் உச்சியைப் பார்ப்பார். பத்து மூச்சு விடும் நேரம் அந்தப் பார்வை நிலைத்திருக்கும். பிறகு தோள்கள் தளரும். அதற்கப்புறம்தான் பாதிரியார் சொல்வது எதுவும் அவர் காதில் விழும். முப்பது ஆண்டுகளாக எல்வர்டன் ஊர் இதைக் கண்டுவருகிறது. அந்த உச்சியில் தொங்குவது அவருடைய அண்ணன் கேப்டன் ஆம்ப்ரோஸின் துக்கப் பலகை. "கூடப் பொறந்தவர் மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று ஊர்ப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

பாசம் இருந்தது உண்மை. ஆனால் அவர் பார்த்தது அதற்காக அன்று. பலகை இன்னும் முழுக்கக் கறுப்பாகத்தான் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஹாஸ்கெட் குடும்பத்தில் ஓர் ஆண் இறந்தால், குலச் சின்னம் தீட்டிய சாய்சதுரப் பலகை ஓராண்டு வாசலுக்கு மேல் தொங்கும். பிறகு தேவாலயச் சுவருக்குப் போகும். மணமாகாமல் இறந்தவனுக்குச் சின்னத்தின் பின்புலம் முழுவதும் கறுப்பு. மனைவியை விட்டுப் போனவனுக்கு அவனுடைய பாதி மட்டும் கறுப்பு. உயிரோடிருக்கும் அவளுடைய பாதி வெள்ளை. எழுத்தறியாத உழவனும் சாலையில் நின்றபடியே அதைப் படித்துவிடுவான். வடக்குச் சுவர் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்; அங்கே அப்படி எட்டுப் பலகைகள் இருந்தன. பிளென்ஹைமில் விழுந்தவர், குலோடனில் ஒரு கையை விட்டுவந்தவர், வாட்டர்லூவில் குதிரையோடு சரிந்தவர் என எல்லோரும் ஒரே பட்டாளத்தார். எட்டாமவர், 1854இல் இங்கர்மன் போரில் மாண்ட ஆம்ப்ரோஸ்.

அந்த எட்டாவது பலகை பாதி வெள்ளையோடுதான் வந்தது. இருபத்திரண்டு வயது எவரார்ட்தான் வண்டிக்கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்குக்கரியைப் பசையில் குழைத்து அந்த வெள்ளையை மூடினார்.

ஆம்ப்ரோஸுக்கு மனைவி இருந்தாள், மகனும் இருந்தான். சாவுச் செய்தி வந்த மூன்றாம் வாரம், டிசம்பரில், பட்டாளத்து லாடக்காரரின் மகள் கெசியா, ஐந்து மாதக் குழந்தையோடு மாளிகைப் படியில் வந்து நின்றாள். திருமணச் சான்றை நீட்டினாள். "அப்பாகிட்டக் காட்டிட்டு வரேன், இங்கயே நில்லுங்க" என்று எவரார்ட் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாடிப்படியின் நடுவில் நின்று நூறு வரை எண்ணினார். திரும்பிவந்து, "அப்பா உங்களைப் பாக்க மாட்டாராம்" என்றார். அவள் காகிதத்தைத் திருப்பிக் கேட்டாள். கதவு மூடிக்கொண்டது. அந்தக் குழந்தை இல்லையென்றால் பட்டமும் மாளிகையும் எவரார்டுக்கு வரும், அவ்வளவுதான் காரணம்.

பார்வை இழந்து படுக்கையில் கிடந்த தந்தைக்கு அவள் வந்ததே தெரியாது. ஆனால் ஜனவரியில், போருக்கு முந்தின நாள் ஆம்ப்ரோஸ் தன் மனைவியையும் மகனையும் பற்றி எழுதிய கடிதத்தை ஒரு தோழர் கொண்டுவந்து அவருக்குப் படித்துக்காட்டிவிட்டார். அன்றிலிருந்து கிழவர் தினமும் கேட்டார்: "யாராவது வந்தாங்களாடா?" "இல்லப்பா" என்று எவரார்ட் தினமும் சொன்னார். கிழவரே பெயிண்டரை வரவழைத்துப் பலகைக்குச் சொல்லிவிட்டார். வாசலில் பாதி வெள்ளை தொங்குகிறது என்ற நம்பிக்கையோடே மார்ச்சில் கண்ணை மூடினார்.

1886 செப்டம்பரில் புதிய பாதிரியாராக டாலிமோர் வந்தார். இளைஞர்; தூசியைத் தம் சொந்தப் பகையாக எண்ணுபவர்.

"சர் எவரார்ட், உங்க முன்னோர் எல்லாரும் ஒரே கரியா இருக்காங்க. யாரு எந்தச் சண்டையில போனாருன்னே தெரியல. ஹெர்ஃபர்ட்ல இருந்து வண்டிக்குச் சின்னம் எழுதற பெயிண்டர் ஒருத்தரை வரச்சொல்லியிருக்கேன். தண்ணியும் பஞ்சும் போதுமாம்."

எவரார்ட் வடக்குச் சுவரின் உச்சியைப் பார்த்தார். "ஏழு போதும். என் அண்ணனோடது அப்படியே இருக்கட்டும்."

"ஏன் ஐயா?"

"அந்தத் தூசி, அவன் போன வருஷத்துத் தூசி."

பாதிரியாரின் கண்கள் கலங்கின. "உங்க மனசு புரியுது. அப்போ அதைக் கடைசியா எடுக்கச் சொல்றேன். ஒரு கீறல் விழாது, நான் பொறுப்பு."

திங்களன்று பிளென்ஹைம் பலகை வெளுத்தது. செவ்வாயன்று இன்னும் இரண்டு. எவரார்ட் தினமும் போய்ப் பின்வரிசையில் அமர்ந்தார். ஈரப் பஞ்சு மரத்தில் தேயும் ஓசை மெல்லியது; ஆயினும் அது தம் முதுகெலும்பின் மேலேயே தேய்வதுபோல் அவருக்கு இருந்தது. வாளியின் தண்ணீர் கறுக்கக் கறுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தார். புதன் மாலை மிச்சமிருந்தது ஆம்ப்ரோஸின் பலகை மட்டும்.

வியாழன் காலை உணவின்போது அவருடைய அக்கா லெட்டிஸ் அவர் தட்டைப் பார்த்தாள். கணவன் இறந்தபின் தம்பியோடு வந்து இருப்பவள். அந்தப் பழைய டிசம்பரில் அவள் வடக்கே புகுந்த வீட்டில் இருந்தாள்.

"ஏண்டா, மூணு நாளா ஒரு முட்டை இறங்கல உனக்கு. தேவாலயத்துக்கே குடிபோயிட்ட. நம்ம தாதி ஒரு கதை சொல்வாளே, ஞாபகம் இருக்கா? திருடின கோழியை நரி புதைச்சு வெச்சுதாம். யாரும் தோண்டிடக் கூடாதுன்னு தினம் அது மேலயே போய் உக்காந்துதாம். நாய்க்கு மோப்பம் பிடிக்கற வேலையே இல்லாமப் போச்சு. உன்னைப் பாத்தா அந்த நரி மாதிரியே இருக்கு."

கரண்டி தட்டில் விழுந்தது.

"விளையாட்டுக்குச் சொன்னா மூஞ்சி வெளுக்குது பாரு. இந்தா, ரூபர்ட் கடிதம் வந்திருக்கு. உன் வருஷாந்திரக் காகிதமும் வந்திருக்கு."

வருஷாந்திரக் காகிதம் என்பது, உயர்குடி வம்சாவளிகளை நூலாக வெளியிடும் லண்டன் அலுவலகம் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் திருத்தத்துக்கு அனுப்பும் அச்சுப்படி. அதில் ஒரு வரி: 'ஆம்ப்ரோஸ், கேப்டன், இங்கர்மனில் வீரமரணம், மணமாகாதவர்.' முப்பது முறைக்கு மேல் எவரார்ட் அதன்கீழ்க் கையெழுத்திட்டிருந்தார். அதை ஒதுக்கிவிட்டு மகனின் கடிதத்தைப் பிரித்தார்.

ரூபர்ட் அதே பட்டாளத்தில் கேப்டன், செஸ்டரில் இருந்தான். வேடிக்கையாக எழுதியிருந்தான்: 'இங்கே நம் பெயரிலேயே கொடி காக்கும் ஒரு சார்ஜென்ட் வந்திருக்கிறார் அப்பா, ஆம்ப்ரோஸ் ஹாஸ்கெட். எனக்கு மூக்கு எப்படியோ அவருக்கும் அப்படியே. சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். அவருடைய தாயார் படைமுகாமுக்கு எதிர்த் தெருவில் துணி வெளுக்கிறார். என் சட்டைகளுக்கு அவர்தான் இஸ்திரி போடுகிறார், நன்றாகவே போடுகிறார்.'

எவரார்ட் அந்த வரிகளை மறுபடி படித்தார். ஒருபுறம் பஞ்சு, ஒருபுறம் இந்த மூக்கு. உண்மை வெளியாகும் நாள் தாம் இறந்தபின் வந்தால் போதும் என்று எண்ணியிருந்தார்; அது இப்போது இரண்டு சாலைகளில் ஒரே வேளையில் நடந்து வந்துகொண்டிருந்தது. பட்டம் போகும், மாளிகை போகும். அவற்றைவிட, ரூபர்ட் தம்மை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

நண்பகலில் பெயிண்டர் விடுதிக்குச் சாப்பிடப் போவான் என்பது அவருக்குத் தெரியும். ஷூவுக்குப் போடும் கறுப்பு மைப் புட்டியைக் கோட்டுப் பையில் மறைத்துக்கொண்டு தேவாலயத்துக்குள் நுழைந்தார். ஐம்பத்து நான்கு வயது சீமான், தம் ஊர்த் தேவாலயத்தில், திருடனைப்போல் நுனிக்காலில் நடந்தார்.

ஆம்ப்ரோஸின் பலகை சாரக்கட்டைகளின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. துணியை விலக்கினார். வலப்பக்க ஓரத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை. வேறு எங்கும் தொடப்படவில்லை. அவ்வளவு தூய வெள்ளையை அவர் எதிர்பார்க்கவில்லை. நேற்றுத் தீட்டியதுபோல் இருந்தது. விரலை மையில் தோய்த்தார். பலகையின் மேல் வைத்தார்.

"அது காயாது ஐயா. தொட்டவன் கையில எல்லாம் ஒட்டும்."

உடை மாற்றும் அறையின் வாசலில் பெயிண்டர் பியூ உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். அன்று அவன் விடுதிக்குப் போகவில்லை. கனத்த, நிதானமான மனிதன்.

எவரார்டால் கையைப் பலகையிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"முன்னாடி பூசினதும் அப்படித்தான்" என்றான் பியூ, வாயைத் துடைத்துக்கொண்டு. "எண்ணெயில குழைச்ச கறுப்பா இருந்தா தண்ணிக்கு அசையாது. இது பசையில குழைச்சது. வேலை தெரிஞ்சவன் பண்ணல."

"யார்கிட்டச் சொன்ன?"

"யார்கிட்டயும் இல்ல. எங்க அப்பா எழுதின பலகை ஐயா இது. பெரியவர் கூப்பிட்டு அனுப்பினப்போ, சாயப்பெட்டி தூக்கிக்கிட்டு நானும்தான் கூடப் போனேன். படுத்த படுக்கையா இருந்தாரு. எங்க அப்பா கேட்டாரு: 'கேப்டன் கல்யாணம் ஆகாதவர், முழுக் கறுப்புத்தானே பிரபு?' அதுக்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு."

"என்ன சொன்னாரு?"

"'பாதி வெள்ளை போடு. அவளுக்கு இந்த வீட்டுக்குள்ள வரத் தயக்கமா இருக்கும். வெள்ளை தொங்கினா ஊருக்கே தெரியும், அவனுக்கு ஒருத்தி இருக்கான்னு. எவனாவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து என் கட்டில்கிட்ட விடுவான். எனக்குக் கண்ணு தெரியல, நான் வேற எப்படித் தேடறது?' அப்படின்னாரு."

எவரார்ட் அருகிலிருந்த இருக்கையில் சரிந்தார். தந்தை முறைமைக்காகத்தான் வெள்ளை கேட்டார் என்றே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தார். 'யாராவது வந்தாங்களாடா' என்ற குரல் தினமும் ஒரே தொனியில், சலிப்பின்றி, கதவுப் பக்கம் திரும்பிய முகத்தோடு ஒலித்தது இப்போது கேட்டது. அந்தக் கிழவர் வழி காட்ட ஏற்றிவைத்த விளக்கை, அவர் மகனே கரி பூசி அணைத்திருந்தான்.

பியூ எழுந்துவந்து வாளியை எடுத்தான். "நீங்க யாரு பூசினதுன்னு சொல்ல வேணாம், நானும் கேக்கல. மதியத்துக்கு மேல பாதிரியார் வந்துடுவாரு. மேல தேய்க்கட்டுமா, நிறுத்தட்டுமா?"

எவரார்டின் பயம் குறையவில்லை. ஆனால் இப்போது அது தம்மையே கண்டு அஞ்சும் பயமாக மாறியிருந்தது.

"தேயுங்க" என்றார். "நான் வாளியைப் பிடிச்சுக்கறேன்."

மாலையில் அச்சுப்படியை எடுத்துவைத்தார். 'மணமாகாதவர்' என்பதை அடித்து, கெசியாவின் பெயரையும், திருமண நாளையும், மகன் பிறந்த ஆண்டையும் எழுதினார். பிறகு பக்கத்தின் உச்சியில், பட்டத்தை இப்போது தாங்குபவர் என்ற இடத்தில் இருந்த தம் பெயரின் குறுக்கே கோடு கிழித்தார். கோடு கோணலாக விழுந்தது. அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, ரூபர்டுக்கு மூன்று பக்கம் எழுதினார். லெட்டிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள், "அப்பா உன்னைத்தானேடா தினம் கேட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் பயணத்துக்கு அவர் பெட்டியைத் தானே அடுக்கினாள்.

செஸ்டரில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் தேடிய வீட்டு வாசலில் ஒரே ஒரு படி. கதவைத் தட்டும்முன் இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பினார். திறந்தவள் நரைத்தவள், கைகள் வெந்நீரில் சிவந்திருந்தன. அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பது அவள் கண்கள் இமைக்காததிலிருந்து விளங்கியது.

எவரார்ட் தொப்பியைக் கழற்றினார். அண்ணனின் பதக்கப் பெட்டியில் முப்பத்தோரு ஆண்டுகள் மடிந்துகிடந்த திருமணச் சான்றை இரு கைகளாலும் நீட்டினார். அதன்மேல் மாளிகையின் சாவிக்கொத்து இருந்தது.

"அப்பாகிட்டக் காட்டிட்டு வரேன்னு வாங்கிட்டுப் போனீங்க" என்றாள் கெசியா. "மாடி அவ்வளவு உசரமா?"

"நான் காட்டவே இல்ல அண்ணி. அவர் உங்களுக்காகக் காத்துக்கிட்டே செத்துப்போனாரு. பாக்க மாட்டேன்னு அவர் சொல்லவே இல்ல. நான் சொன்ன பொய் அது. உங்க பேரும் பையன் பேரும் லண்டன் புத்தகத்துக்குப் போயாச்சு. எந்த நீதிபதி முன்னாடி வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அவள் சாவிக்கொத்தைத் தொடவில்லை. காகிதத்தை மட்டும் எடுத்து, ஈரம் படாமல் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டாள். உள்ளே ஓர் ஆணின் குரல், "யாரும்மா?" என்று கேட்டது. ஆம்ப்ரோஸின் குரலேதான்.

"மகன்கிட்டக் காட்டிட்டு வரேன்" என்றாள். "இங்கயே நில்லுங்க."

கதவு மூடிக்கொண்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி, மழையில், அவர் அந்த ஒற்றைப் படியில் நின்றார்.