பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கவில்லை

பாலகோபால் அண்ணனின் தோட்டத்தில் யானை வந்தால் சைரன் அலறும்படி செய்து கொடுத்தவன் நான். சிங்காநல்லூரில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. லினக்ஸ் என்றால் மெர்வினைக் கூப்பிடு என்று நாலு பேர் சொல்வதில் தலைக்கனம் வேறு.

தோட்டம் தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில். வேலியோரம் மூன்று கேமரா, அதில் யானை தெரிந்தால் சைரனை அலறவிட மோட்டார் ரூமில் ஒரு சர்வர். அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்கண்ணா. கரண்ட் போயிட்டு வந்தாலும் தானா எந்திரிச்சுக்குமுங்க," என்று அளந்துவிட்டேன்.

முன்பெல்லாம் விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போகும்போது, பட்டாசு வெடித்துவிட்டுத்தான் மக்காச்சோளக் காட்டுக்குள் கால் வைப்பார். பிறகு அதை விட்டுவிட்டார். சைரன் கத்தவில்லை என்றால் யானை இல்லை. அந்த நம்பிக்கையை ஊட்டிய புண்ணியவானும் நான்தான்.

இன்வெர்ட்டர் இருந்ததால் எட்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. ஆயுத பூஜையன்று அவர் மனைவி பங்காரம்மா அக்கா சர்வரின் பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி மாட்டியிருக்கிறார். பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. மறுநாள் விடியலில், சைரன் கத்தவில்லையே என்று அண்ணன் காட்டுக்குள் போனார். யானை உள்ளேதான் நின்றிருந்தது. அடித்ததில் அந்த இடத்திலேயே அண்ணன் உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்து திரையும் கீபோர்டும் கொண்டுபோய் மாட்டினேன். சென்ற முறை சரியாக அணைக்கப்படவில்லை, தொடர என்டரை அழுத்தவும் என்று நின்றுகொண்டிருந்தது. பத்து முறை சோதித்தவன்தான் நான். பத்து முறையும் ஒழுங்காகக் கட்டளை கொடுத்து அணைத்தேன். ஒரு முறைகூடப் பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. வருடா வருடம் பக்கத்துப் பட்டறையில் ஆயுத பூஜைப் பொரி வாங்கித் தின்கிறவனுக்கு, இந்த ஊரில் மெஷினை எப்படித் துடைப்பார்கள் என்று உறைக்கவில்லை. பாவி.

அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங் தம்பி, நான் பிளக்கப் புடுங்குனதாலதானுங்களா? நாந்தான் அவரக் கொன்னுபோட்டனுங்களா?"

"ஐயோ இல்லீங்க்கா. தப்பு என்னுதுங்க. அது தானா எந்திரிச்சிருக்கோணுமுங்க. இந்தப் பட்டனை யாராச்சும் அமுக்குவாங்கன்னு நின்னுபோச்சுங்க."

கிட்டே வந்து அந்தப் பட்டனைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இவ்வளவுதானுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அமுக்கியிருப்பேனுங்களே, கண்ணு."