கேட்டுக்கு ஒரு தகடு

தெருமுனைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னபோது கிளாரா நம்பவில்லை. மீன் சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். பலகை நின்ற இடத்தில் இரண்டு குழிகள்தான் இருந்தன.

இரணியல் பக்கத்து அந்தத் தெருவில் எவனோ சங்கிலி பறித்துப் போன பிறகு, ‘விற்பவர், வசூலிப்பவர் உள்ளே வரக்கூடாது’ என்று குடியிருப்போர் சங்கம் நட்ட பலகை அது. பத்தொன்பது வருஷமாகத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அங்கே மீன் கொண்டுவருகிறவள் கிளாரா. பேரூராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தாள். ரோடு பொதுவழி, அதை மறிக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. தன் வீட்டு வாசலில் வேண்டாமென்று எழுதிவைப்பது அவரவர் இஷ்டம் என்றார்கள். ஜெயித்துவிட்டதாகவே அவள் நினைத்திருந்தாள்.

சங்கம் பலகையில் இருந்த அதே வாசகத்தை ஒரே அச்சில் தகடாக அடித்து வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தது. முதல் கேட்டில் தொங்கியது. அடுத்ததிலும். பலகை இருந்தவரை சங்கத்தைத் திட்டிக்கொள்ளலாம். இப்போது அந்தந்த வீடே முகத்துக்கு நேரே சொன்னது. பதினொரு வீட்டில் நாலில்தான் தகடு இல்லை. கடைசி வீடான நேசம்மாள் டீச்சர் வீட்டிலும் இருந்தது. கிளாரா நின்றுவிட்டாள்.

“ஏட்டி, கண்டும் காணாம போறியா? என்ன மீனு?” ஜன்னலில் டீச்சர்.

“சாளை. கேட்டுல எழுதிப் போட்டிருக்கியளே டீச்சர்.”

“அது கள்ளனுக்குள்ளது. ஒனக்கில்ல.”

“கள்ளன் வாசிச்சிட்டுத் திரும்பிப் போவானாக்கும்!”

டீச்சர் சிரிக்கவில்லை. “எம்மவன் எபிசன் துபாயிலயிருந்து கேமராவுல பாக்கான் மக்கா. கேட்டைத் திறந்தா உடனே விளிக்கான். தனியா கிடக்கவளுக்குப் புத்தி வேண்டாமாண்ணு கேக்கான்.”

மீனைக் கொடுத்துவிட்டு மட்டும் போக முடியாது. டீச்சரின் விரல்கள் கோணிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. கிளாராதான் அடுக்களைப் பின்புறம் உட்கார்ந்து வெட்டிக் கழுவிச் சட்டியில் போட்டுப் போவாள்.

“சட்டிய எடுத்துட்டு வாருங்க.”

டீச்சர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, கேட்டுக்கு மேலே சட்டியை நீட்டினார். கிளாரா ரோட்டிலேயே உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் தரையில் உட்கார்ந்தது பின்வாசல்களில்தான். ஸ்கூட்டர் ஒன்று ஹார்ன் அடித்து விலகிப்போனது. உள்ளே போன் அடித்தது. டீச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“நாளைக்கும் வருவியா?”

“நாலு வீட்டுக்குத் தினமும் வர ஒக்காது டீச்சர்,” என்றாள் கிளாரா, தலை நிமிராமல். “வியாழக்கிழம வாறேன். சட்டியோட ஒரு செம்பு தண்ணியும் கொண்டு வந்திருங்க.”