மூன்றை ஐந்தாக்கியவன்

போர்டு எழுதுகிறவன் சொன்னதை எழுதவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. சுங்கை சிப்புட் டவுனில் பதினோரு வருடமாக நான் அப்படித்தான் பிழைத்தேன். காலாவதியான மருந்தை விற்கிறவனுக்கும் ‘நம்பிக்கையான கடை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. ராக்காயி அக்கா விஷயம்தான் வேறு.

எழுபத்தொன்பதாம் வருடம் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் கைமாறியது. புதிய முதலாளி நாங்கள் குடியிருந்த லயங்களை இடிக்கப்போவதாகவும், ஆகஸ்டு மாதத்துக்குள் எல்லாரும் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றும் நோட்டீஸ் ஒட்டினான். மகன் உள்ளவர்கள் மகன் வீட்டுக்குப் போனார்கள். ராக்காயி அக்காவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருடம். முப்பத்தைந்து வருடம் மரம் சீவிய கை, இனி எங்கே போய்ச் சோறாக்கும் என்பதுதான் அவள் கவலை.

அந்த நேரத்தில்தான் ஜெயபாலன் தோட்டத்தை ஒட்டியிருந்த தன் நிலத்தை மனைகளாகப் பிரித்தார். லோரி வைத்து முன்னுக்கு வந்தவர். எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். ‘வீட்டு மனை விற்பனைக்கு. ஒரு மனை 3,200 வெள்ளி’ என்று வெள்ளைப் பலகையில் சிவப்பில் எழுதச் சொன்னார். எழுதி, ரோட்டோரம் நான் பலகையை நட்டுக்கொண்டிருந்தபோது ராக்காயி அக்கா வந்து நின்றாள். அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

“சீனி, இது சாக்குக்கட்டியா, சாயமாடா?”

“சாயந்தான்க்கா.”

விரலால் தடவிப் பார்த்தாள். “அப்ப சரி” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் வாசலில் இரண்டு பலகைகள் இருந்தன. கறுப்புப் பலகையில் அன்றன்றைக்கு ஒட்டுப்பால் விலையைச் சுண்ணக்கட்டியில் எழுதுவார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்றுகூட மாறும். பச்சைப் பலகையில் சாயத்தில் எழுதியிருந்தது விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரமும் அபராதங்களும். நான் பிறந்ததிலிருந்து அதில் ஒரு எழுத்து மாறவில்லை. எத்தனை பேர் அழுதும் மாறவில்லை. சாயத்தில் எழுதியதை யாராலும் அசைக்க முடியாது என்று எங்கள் சனத்துக்கு அந்தப் பலகைதான் சொல்லிக் கொடுத்தது.

ஜெயபாலன் அங்கேதான், எனக்கு நாலடி தள்ளி, லோரியில் சாய்ந்து நின்றார். அக்கா அவரிடம் போனாள்.

“தம்பி, அந்தப் பலாமரத்தோரம் இருக்கற மூலை மனை எனக்கு. சேமநிதி காசு வர ஆறு வாரம் ஆவும்னு சொல்றாங்க. வந்த ஒடனே கொண்டாந்துர்றேன்.”

“ஒங்களுக்குத்தான்க்கா. எங்க ஓடிடப் போவுது? காசு வந்ததும் மெல்ல வாங்கலா.”

அவ்வளவுதான். முன்பணம் கொடுக்க அவள் காதுத் தோட்டைக் கழற்றியிருந்தால் போதும். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு கையெழுத்து போதும். அதைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வாரம் ஜெயபாலன் என் கடைக்கு வந்தார். அந்தப் பக்கம் மரம் அறுக்கும் ஆலை வரப்போகிறதாம், ஈப்போவிலிருந்து சீன முதலாளி, தவுக்கே ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

“சீனி, அந்த மூணை அஞ்சாக்கிடு.”

“அண்ணே, ராக்காயி அக்காகிட்ட மூலை மனை...”

“காசு குடுத்துச்சா? ரசீது இருக்கா? என் நெலம், என் போர்டு. நான் மனசு மாறக்கூடாதா?” பிறகு குரலை இறக்கினார். “புதுசா லோரி எடுக்குறேன். பழசோட சேத்து பன்னெண்டு லோரிக்கும் கதவுல பேரு எழுதணும். ஒன்னத்தான் நெனச்சிருக்கேன்.”

அப்போது எனக்குக் கடை வாடகை மூன்று மாதம் நின்றிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். பலகை முன்னால் போய் நின்றேன். மூன்றின் தலையை வெள்ளையால் மூடி, காய்ந்ததும் சிவப்பில் ஒரு படுக்கைக் கோடு, ஒரு நிற்கும் கோடு. வயிற்றைத் தொடவே வேண்டாம். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அடுத்த வாரம் ராக்காயி அக்கா சேமநிதிக் காசை முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். பலகையைப் பார்த்தாள். கிட்டே போய் விரலால் தடவினாள். பிறகு நேராகக் கோயில் தலைவர் ராமையாவிடம் போனாள். போலீசுக்கோ வக்கீலுக்கோ போக எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. தோட்டத்து வழக்கெல்லாம் மாரியம்மன் கோயில் சிமெண்டுத் தரையில்தான் தீரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடினார்கள். ஜெயபாலன் எதையும் மறைக்கவில்லை. “ஆமா, மொதல்ல மூவாயிரத்து எரநூறுதான். இப்ப அந்த வெலைக்கு விக்க எனக்கு இஷ்டமில்ல. போர்டுல போட்டுட்டா வித்த மாதிரியா?” என்றார்.

“அது சாயத்துல எழுதுனது” என்றாள் ராக்காயி அக்கா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ராமையா சிரிக்கவில்லை. நியாயம் பார்க்கிற ஆள். கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “போர்டு ஊருக்குப் பொதுவா எழுதுறது. அத மாத்த அவனுக்கு உரிம இருக்கு. ஆனா அந்த வெலைக்கு ஒனக்குத்தான்னு வாயால சொல்லியிருந்தா, அது வாக்கு. வாக்கு குடுத்திருந்தா இந்தக் கோயில்ல வச்சு அவன் குடுத்தே ஆவணும். ஜெயபாலா, சொன்னியா?”

“யாவகம் இல்லீங்க. பொதுவா வாங்கன்னு சொல்லியிருப்பேன்.”

“சீனி இருந்தான்” என்றாள் அக்கா. “அவனக் கேளுங்க. பக்கத்துலதான் ஆணி அடிச்சிக்கிட்டு இருந்தான்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஜெயபாலன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லை. அதுதான் கொடுமை.

“ஆணி அடிச்சிட்டு இருந்தேங்க. காதுல விழல” என்றேன்.

ராமையா இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை சொன்னேன். வழக்கு முடிந்தது.

ஆகஸ்டு கடைசியில் லயத்தை இடித்தார்கள். ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் வீட்டில் சமைத்துப் போட ஆள் கேட்டார்களாம். அடுப்படியிலேயே படுத்துக்கொள்ளலாமாம். பஸ் நிலையத்தில் ஒரு பெட்டியோடும் ஒரு பாய்ச் சுருட்டோடும் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவள் கூப்பிட்டுவிட்டாள்.

“சீனி, மூண எப்படிடா அஞ்சாக்குன?”

“தலைய மட்டும் அழிச்சேன்க்கா. வயிறு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

“எவ்ளோ நேரம் ஆச்சு?”

“காயறதுக்கு ஒரு மணி நேரம். எழுத பத்து நிமிசம்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். பஸ் வந்தது. பெட்டியை நான் தூக்கப் போனேன், அவள் விடவில்லை. படியில் ஏறித் திரும்பினாள்.

“அன்னிக்கி அவன் சொன்னது ஒன் காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சுக்கா” என்றேன்.

“அதானே. ஒங்கம்மா ஒன்ன நல்ல காதோடத்தான் பெத்திருக்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கடைக்குத் திரும்பினேன். வாசலில் ஜெயபாலனின் முதல் லோரி காத்துக்கொண்டிருந்தது.