இரண்டு ஹாஜியார்களுக்கு ஒரு முதற்பிரதி

1

இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுத்தது என்று சொன்னால் அது பச்சைப் பொய். எங்கள் ‘இடைப்போகம்’ சஞ்சிகையின் ஏழாவது இதழில் இரண்டு பக்கம் காலியாகிவிட்டது. தன் கவிதையை இன்னொருவருடைய கவிதைக்குப் பின்னால் போட்டதற்காக ஒரு கவிஞர் கோபித்து, அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். “வெள்ளிக்கிழம வெளியீடு. என்னத்தயாவது எழுதித் தா மச்சான்” என்று இதழாசிரியர் மசூர் என் கையைப் பிடித்தார். என்னத்தயாவது என்றுதானே சொன்னார்? அவரையே எழுதுகிறேன்.

2

கல்முனைக் கடலோரம், அந்தி மயங்கும் வேளையில், இலட்சியவாதியொருவர் தன்னந்தனியாக—

(வேண்டாம். மசூருக்குத் தனிமையே கிடையாது. வீடு நிறையப் பிள்ளைகள். மறுபடி தொடங்குகிறேன்.)

மசூர் ஒரு கலியாண வீட்டில் சஹனில் உட்கார்ந்திருந்தார். ஒரே தட்டுச் சோற்றைச் சுற்றியிருந்து எல்லோரும் கைவைத்துச் சாப்பிடும்போது பக்கத்திலிருப்பவரைப் பகைக்க முடியுமா? பக்கத்தில் இருந்தவர் அரிசி ஆலைக் காலிதீன் ஹாஜியார். இதழுக்குக் கடதாசி வாங்கித் தருகிறவர். நல்ல இறைச்சித் துண்டொன்றை மசூரின் பக்கம் தள்ளிவிட்டு, “மொதப் பிரதி நமக்குத்தானே தம்பி?” என்றார். மசூருக்கு வாய் நிறையச் சோறு. தலை தானாக ஆடியது.

அடுத்த கிழமை வேறொரு கலியாணம், வேறொரு சஹன். பக்கத்தில் புடவைக்கடை றஸாக் ஹாஜியார். அச்சுக்கூலி அவர் பொறுப்பு. அவரும் இறைச்சியைத் தள்ளினார், அவரும் கேட்டார். பாழாய்ப்போன தலை மறுபடியும் ஆடியது.

[மசூரின் குறிப்பு: “நான் தலையாட்டல்லடா. எலும்பக் கடிச்சிட்டிருந்தன்.”]

வெளியீட்டு விழா மேடையில் முதற்பிரதியை வாங்கிப் படம் எடுத்துக்கொள்வதுதான் புரவலருக்கு எங்களால் கொடுக்க முடிந்த ஒரே மரியாதை. இவர்களோ பள்ளிவாசல் தலைவர் பதவிக்கும் போட்டியாளர்கள். ஒருவர் கோபித்தாலும் எட்டாவது இதழ் வராது.

3

முடிவுகள் சில செய்து பார்த்தேன்.

(அ) இருவரும் ஒரே பிரதியை ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறார்கள். படம் எடுத்தாயிற்று, விடுவாரில்லை. முன்னட்டை ஆலைக்கும் பின்னட்டை புடவைக்கடைக்கும் போகின்றன.

(ஆ) ஒருவருக்கு முதற்பிரதி, மற்றவருக்கு ‘முதலாவது சிறப்புப் பிரதி’. றஸாக் ஹாஜியார் துணி அளக்கிற மனுசன், இதில் ஏமாறமாட்டார்.

(இ) வெள்ளிக்கிழமை காலை மசூருக்குக் கடுங்காய்ச்சல்—

[“காய்ச்சலெல்லாம் ஏலா. பொஞ்சாதி நம்பமாட்டா.”]

4

இதுவரை எழுதியதை மசூரிடம் காட்டினேன். அவர் முகம் வெளிறியது என்று எழுதத்தான் ஆசை. மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“பேரெல்லாம் அப்படியே போட்டிரிக்காய்?”

“மாத்தட்டா? அவங்க கண்டா நாம முடிஞ்சம்.”

“எப்பிடிக் காணுவாங்க? காலிதீன் ஹாஜியார் நம்மட புத்தகத்தால நெல்லுத்தூசி தட்டுறார். மத்தவர் கரண்டு போனா விசிறுறார். ஒருத்தரும் விரிச்சுப் பார்த்ததில்ல.”

சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். ஆறு இதழ் கொண்டுவந்த மனுசன். அச்சுமை படிந்த நகங்களோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்ப் பிள்ளைகளிடம் கேலி வாங்கியவர்.

“எண்டாலும் பேர மாத்துறன்” என்றேன்.

“மாத்தாத. அப்படியே போடு. இதழ் நிண்டாலும் காரியமில்ல, ஒரு ஹாஜியாராவது வாசிச்சுக் கோவிச்சார் எண்டு இரிக்கட்டும்.”

5

கதை வெள்ளிக்கிழமைக்கு முன்பே அச்சேறியாக வேண்டும். ஆகவே முதற்பிரதி யாருக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. வாசகரே, விழாவுக்கு வந்திருந்தவர் நீங்கள்தான், மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கனம் ஹாஜியார் அவர்களே, பேச்சாளர்களின் தொல்லை தாங்காமல் மேடையிலேயே பிரதியைப் புரட்டி, தப்பித்தவறி இந்த வரி வரை வந்துவிட்டீர்களானால், கோபிப்பதற்கு முன் தயவுசெய்து ஒருதரம் இருமிவிடுங்கள். மசூர் காதைத் தீட்டிக்கொண்டு உங்கள் கதிரைக்குப் பின்னால்தான் நிற்கிறார்.