காது முளைத்த கார்

அந்தப் பேச்சு நடந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: அருணகிரி என்கிற நான், என் மனைவி ரங்கம்மாள், என் தங்கை ஜெயம்மாள், காலமாகிவிட்ட என் தம்பியின் மகன் கோபி, அவன் மனைவி சௌந்தர்யா, என் மகள் ஜோதி. வேறு யாரும் இல்லை. பின்னாளில் ஆம்பூரில் பாதிப் பேர் தாங்களும் கூட இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கோபியின் காரில் கேமரா வைப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. முன் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற சின்னப் பெட்டி அது. வண்டி ஓடும்போதெல்லாம் சின்னதாக ஒரு சிவப்பு லைட்டு எரிய, எதிரே உள்ள சாலையைப் படம் பிடித்துக்கொண்டே வருமாம். அதற்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒருவன் எதிர்த்திசையில் ஸ்கூட்டர் ஓட்டிவந்து, கோபியின் காருக்கு ஒரு முழம் முன்னாலேயே தானாக விழுந்திருக்கிறான். கூட்டம் கூடிவிட்டது. விழுந்தவன் எழுந்து தூசி தட்டுவதற்குள் குற்றவாளி யார் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது. பெரிய வண்டி வைத்திருப்பவன்தான் எப்போதும் குற்றவாளி. கேமரா இருந்திருந்தால் சாட்சி இருந்திருக்கும் என்றான் கோபி.

எங்கள் வீட்டார் சொல்லுக்கு இந்த ஊரில் யாரும் இதுவரை சாட்சி கேட்டதில்லை என்றேன். அப்படிக் கேட்கிற காலம் வந்துவிட்டது என்று நாமே கண்ணாடியில் எழுதி ஒட்டுவதா என்றும் கேட்டேன். செருப்புக் கடையில் கேமரா, கோயில் உண்டியலுக்கு மேல் கேமரா, எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையில்கூடக் கேமரா. திருட்டு குறைந்ததாகத் தெரியவில்லை. திருடர்கள் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வருகிறார்கள், அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை. ரங்கம்மாள், வைத்தால்தான் என்ன என்றாள். சௌந்தர்யா, தன் அண்ணன் காரில் இரண்டு இருக்கிறது என்றாள். அவள் அண்ணன் வீட்டில் எல்லாமே இரண்டு இருக்கும். கோபியின் தோஸ்த் ஆபித் பாஷா கார் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருந்தாராம். சரி, வைத்துப் பார் என்றேன். அந்தப் பெட்டிக்குக் கண் மட்டுமல்ல, காதும் உண்டு, காருக்குள் பேசுவதெல்லாம் அதில் ஏறும் என்பதைக் கோபி என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜோதியைப் பெண் பார்க்கக் காவேரிப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். பையன் பெயர் மதியழகன். ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். அப்பா தணிகாசலம், அம்மா முத்துமாரி, மூன்று பேரும் வாடகைக் காரில் வந்தார்கள். இதற்கு முன் இரண்டு இடங்கள் வந்து, கடைசி நேரத்தில் ஏதோ ஒரு பேச்சால் தட்டிப்போயிருந்தன. ஜோதி ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வாங்க வருகிற ஜெர்மன்காரனோடு நேருக்கு நேர் பேசுகிறவள். ஆனால் கல்யாண விஷயத்தில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. இந்த இடமும் போனால் இனி யாரையும் வரச் சொல்லாதீர்கள் என்று அவள் அம்மாவிடம் சொன்னதாக மட்டும் எனக்குத் தெரியும்.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே வாடகைக் கார் டிரைவர் வந்து, கிளட்ச் போய்விட்டது, வண்டி நகராது என்றான். வந்த விருந்தாளியை பஸ்ஸில் அனுப்புகிற வீடு இல்லை இது. எங்கள் வண்டி கொண்டுபோய் விடும், காசி ஓட்டுவான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். காசி எங்களுக்கு அவசரத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். நான் சொல்லி முடித்ததும் ஜெயம்மாள் கோபியைப் பார்த்தாள். கோபி எழுந்து வாசலுக்குப் போனான். வண்டியைத் துடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் பையனும் பெண்ணும் மாடியில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசிவிட்டு வந்தார்கள். இப்போதெல்லாம் அது வழக்கமாகிவிட்டது.

அவர்கள் ஏறிப் போய், வண்டி தெருமுனை திரும்பிய பிறகு கோபி காது விஷயத்தைச் சொன்னான். வாசலுக்குப் போனது அது வேலை செய்கிறதா என்று சரிபார்க்கத்தானாம். ஜெயம்மாள் முகம் நகைக்கடை போல ஜொலித்தது. பெண் பார்க்க வந்தவர்கள் உண்மையைப் பேசுவது திரும்பிப் போகிற வண்டியில்தான். எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரியும். வந்த வீட்டில் பஜ்ஜி பிரமாதம் என்பார்கள், வண்டி ஊரைத் தாண்டியதும் எண்ணெய் நாற்றம் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் பெண் வீட்டாருக்கு இதுவரை வழியே இருந்ததில்லை.

நம்பி ஏறியவர்களின் பேச்சை ஒட்டுக் கேட்பது ஈனம் என்றேன். ஜெயம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஈனமோ மானமோ, பொண்ணு நம்ம பொண்ணு அண்ணா. கட்டிக் குடுத்தப்புறம் தெரிஞ்சுக்கறதை இப்பவே தெரிஞ்சுக்கிட்டா இன்னா கெட்டுப்போச்சு?”

சாயங்காலம் காசி வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். கோபி பெட்டியிலிருந்த கார்டை எடுத்து டிவியில் போட்டான். நான் எழுந்து போகவில்லை. என் வீட்டுக் கூடத்தில் நடப்பது எனக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது. ஆனால் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். படத்தில் சாலை மட்டும்தான் ஓடியது, அதனால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

தணிகாசலத்தின் குரல் முதலில் வந்தது. “மரியாதைக்குரிய அருணகிரி அவர்களுடைய குடும்பம், நல்ல பாரம்பரியமான குடும்பம்” என்று ஆரம்பித்தார். ரங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காபி அமிர்தம், வீடு கோயில், பெரியவர் உட்கார்ந்திருந்த தோரணையே தனி என்று போனது. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியும் புகழ்ச்சி நிற்கவில்லை. வேலூரில் நெரிசலில் வண்டி நின்றபோதுகூட அவர்கள் நிற்கவில்லை. சௌந்தர்யா, தன் கல்யாணத்தில் தன்னை யாரும் இப்படிச் சொல்லவில்லை என்று கோபியை முறைத்தாள்.

நான் நாற்பது வருஷம் தோல் தொழிற்சாலையில் செலக்ஷன் பார்த்தவன். பதனிட்டு வந்த தோலை வெளிச்சத்தில் விரித்துத் தரம் பிரிப்பது என் வேலை. கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற தோல் வந்தால் நாங்கள் மயங்குவதில்லை, திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்போம். அவ்வளவு பாலிஷ் யாரும் சும்மா போடுவதில்லை. காருக்குள் பெண்டாட்டியிடம் பேசுகிற எவனும் ‘மரியாதைக்குரிய’ என்று ஆரம்பிப்பதுமில்லை.

பிறகு முத்துமாரி அம்மாள் பேசினார். “அந்த அத்தைக்காரங்க இன்னா அடக்கம்” என்றார். ஜெயம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு விம்மினாள். அவள் பிறந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். அடக்கம் என்ற சொல்லை அவளோடு சேர்த்து யாரும் சொன்னதில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் உறுதியானது.

ஜெயம்மாள் விம்மிய சத்தத்தில் அடுத்து வந்தது மற்றவர்கள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. “பொண்ணு சொல்லிச்சே, அந்தச் செவப்பு லைட்டு இதானா?” என்றார் முத்துமாரி அம்மாள். உடனே தணிகாசலம் பலமாக இருமினார். பிறகு மறுபடியும் எங்கள் பாரம்பரியம் தொடர்ந்தது.

நான் திரும்பினேன். டீ டம்ளர்களைத் தட்டில் ஏந்தி வந்துகொண்டிருந்த ஜோதி நடு வழியில் நின்றிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

பதிவு முழுக்கப் பையன் பேசியது ஒரே ஒரு வாக்கியம். “லாரியை ஓவர்டேக் பண்ணாதீங்கண்ணா, பின்னாடியே போலாம்” என்று காசியிடம் சொன்னான். அது ஒன்றுதான் அந்தப் பதிவில் பாலிஷ் போடாத பேச்சு.

எல்லாரும் ஒரு மனதாகச் சம்மதம் என்றார்கள். ஜெயம்மாள் மறுநாள் இன்னொரு தடவை ஆற அமரக் கேட்க வேண்டும் என்றாள். தன்னைப் பற்றிச் சொன்ன இடத்தை மட்டும் வெட்டி, சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லி கோபியிடம் உத்தரவும் போட்டாள். அந்த இடத்துக்கு அடுத்த வரிதான் சிவப்பு லைட்டு. குரூப்பில் உள்ள அத்தனை பேரும் அதைக் கேட்டால், பெண்ணே பையன் வீட்டுக்குத் தூது போனாள் என்று ஆம்பூரிலிருந்து காவேரிப்பாக்கம் வரை பேசுவார்கள். ஜெயம்மாளே முதல் ஆளாகப் பேசுவாள். பிறகு இந்த இடமும் நிற்காது.

காலையில் ஜோதி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியில் கேமரா இருப்பதை நீதான் சொன்னாயா என்று கேட்டேன்.

“ஆமாம்பா. அத்தை கண்ணைக் காட்டுனதைப் பார்த்தேன். கோபி அண்ணன் எதுக்கு வெளிய போச்சுன்னு புரிஞ்சுபோச்சு.”

“நம்ம வீட்டு விஷயத்தை அவங்ககிட்ட சொல்றது தப்புன்னு தோணலையா?”

“வண்டியில ஏறுனா யாரா இருந்தாலும் குறைதான்பா பேசுவாங்க. அதைக் கேட்டுட்டு நீங்க வேணாம்னுடுவீங்க. நீங்க அம்மாவைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறப்ப வண்டியில இன்னா பேசுனீங்க?”

நாங்கள் பேசியது மாட்டு வண்டியில். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பையனை அவ்வளவு பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவள் ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

“புடிக்கலன்னா சொல்லியே இருக்க மாட்டேனே. பேசட்டும்னு உட்டுருப்பேன்.”

என் மகளுக்கு இவ்வளவு கணக்குத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கீழே இறங்கி வந்து, கோபியை எழுப்பி, காரை எடுக்கச் சொன்னேன். ஜெயம்மாள் குளித்துக்கொண்டிருந்தாள்.

ஆபித் பாஷாவின் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கேமராவைக் கழற்றச் சொன்னேன். கார்டில் உள்ளதை என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன்.

“இன்னா பெரியவரே, வேலை செய்யலையா? எதுனா பேஜாரா?”

“நல்லாத்தான் வேலை செய்யுது. விருந்தாளிங்க ஏர்ற வண்டிக்குக் காது வேணாம்.”

கோபி விடவில்லை. “காதை மட்டும் ஆஃப் பண்ணிக்கலாம் பெரியப்பா.”

“நேத்து ஏன்டா பண்ணல?”

ஆபித் பாஷா சுவரில் மாட்டியிருந்த சாவி வளையங்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். சாலையில் விழுகிறவர்களுக்குச் சாட்சி வேண்டுமானால் மெதுவாக ஓட்டு, பார்க்கிறவர்கள் எல்லாரும் சாட்சி என்று கோபிக்குச் சொன்னேன். வீடு வரை அவன் மெதுவாக ஓட்டினான்.

ஜெயம்மாள் ஒரு வாரம் என் வீட்டில் சாப்பிடவில்லை. ஆயுளில் ஒரே ஒரு தடவை தன்னைப் பற்றி ஒருத்தர் நல்லதாகச் சொன்னதையும் அண்ணன் அழித்துவிட்டான் என்று பஜார் முழுக்கச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. கௌரவம் பார்க்கிற கிழவன், பிடிவாதக்காரன் என்று என்னைப் பேசினார்கள். எனக்கு அது புதிதல்ல. அதனால் வேறு காரணம் இருக்கும் என்று யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் காவேரிப்பாக்கத்துக்குப் போன் செய்து சம்மதம் என்றேன். தணிகாசலம், ரொம்ப சந்தோஷம் என்று சாதாரணமாகச் சொன்னார். ‘மரியாதைக்குரிய’ வரவில்லை. அப்போதுதான் எனக்கு அவர் மேல் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. ஜோதி ராணிப்பேட்டையில் குடித்தனம் வைத்திருக்கிறாள். அவளை யாரும் இனி ஒன்றும் சொல்ல முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. மாப்பிள்ளை அன்று வாலாஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ஒயின் ஷாப் வாசலில் இறங்கினார், அது கேமராவில் விழுந்துவிட்டது, அதை மறைக்கத்தான் நான் கார்டை அழித்தேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் இறங்கியது டீக்கடையில்.